தசமி நிலவில் ஒரு நோன்பு

விஜயதசமி அன்று காலையில் வன்னியில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். தட்டில் பரப்பிய பச்சையரிசியில் அம்மாவோ ஐயரோ விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பார். பின்னேரம் கோயில்களில் மானம்பூ. சுவாமி வெளியே எழுந்தருளி, நட்டுவைத்த வாழையை வெட்டி முடிய, பொழுது பட்டுவிடும். அந்த நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் தென்கிழக்கு வானில் முக்கால்வாசி நிறைந்த நிலா நன்றாக உயர்ந்து நிற்கும்.

2025 ஒக்டோபர் 2ஆம் திகதி அப்படியொரு மாலை. அதே நாளில் உலகம் முழுவதும் யூதர்கள் ஒரு வாய் தண்ணீரும் குடியாமல், தோல் செருப்பு அணியாமல், பலர் வெள்ளை உடுத்து, தொழுகைக் கூடங்களில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆண்டின் மிகப் புனிதமான நாள் அது. பெயர் யோம் கிப்பூர். தமிழ்த் திருவிவிலியம் இதைப் பாவக்கழுவாய் நாள் என்கிறது. மடுவுக்குப் போய்வரும் எங்கள் கத்தோலிக்கச் சனங்கள் லேவியர் நூலின் 16ஆம் அதிகாரத்தில் இந்த நாளை வாசித்திருப்பார்கள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போட்டு, ஒன்றைப் பலியிட்டு, மற்றதன் தலையில் மக்களின் பாவங்களை எல்லாம் சொல்லிச் சுமத்திப் பாலைநிலத்துக்கு விரட்டிவிடும் சடங்கு அங்கேதான் வருகிறது. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்டபின் கடாவும் இல்லை, பலியும் இல்லை. நோன்பும் மன்றாட்டும் மிஞ்சின.

விஜயதசமியும் யோம் கிப்பூரும் 2025இல் மட்டும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டவை அல்ல. 2024இல் இரண்டும் ஒக்டோபர் 12. 2022இல் இரண்டும் ஒக்டோபர் 5. 2019இல் ஒரு நாள் வித்தியாசம். கொற்றவைக்கும் கலைமகளுக்கும் உரிய ஒரு நாளும், சீனாய் மலையடிவாரத்தில் பிறந்ததாக நம்பப்படும் ஒரு நோன்பும் எப்படி ஒரே திகதியில் வந்து விழுகின்றன? விடை நிலாவில் இருக்கிறது.

எங்கள் பஞ்சாங்கத்தில் திதி என்பது ஒரு கோணம். சூரியனையும் நிலாவையும் பூமியிலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஒரு திதி. அமாவாசையில் இரண்டும் ஒரே திசையில் நிற்கும். நிலா 108 பாகை விலகியதும் தசமி தொடங்கும், 120 பாகையில் முடியும். நவராத்திரி புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கிப் பத்தாம் நாளில் நிறைவுறுகிறது. யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும் ஓர் அமாவாசையை ஒட்டியே பிறக்கிறது. அதிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர். இரு சமூகமும் ஒரே அமாவாசையில் எண்ணத் தொடங்கினால் பத்தாம் நாளில் ஒரே நிலாவின் கீழ் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிக்கல் எங்கே என்றால், பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் குறைவு. இதைக் கவனியாமல் விட்டால் பண்டிகைகள் பருவம் மாறிச் சுற்றும். இஸ்லாமியர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள். அதனால்தான் றமழான் ஒரு காலத்தில் மாரியிலும் ஒரு காலத்தில் கோடையிலும் வருகிறது. யூதர்களும் இந்துக்களும் இடையிடையே ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிப்படுத்துகிறார்கள். யூதர் 19 ஆண்டுக்குள் ஏழு முறை பதின்மூன்றாம் மாதம் சேர்ப்பார்கள். பத்தொன்பது சூரிய ஆண்டும் 235 நிலா மாதமும் சில மணி நேர வித்தியாசத்தில் ஒன்றாய் முடிகின்றன என்பதைப் பாபிலோனியர் அன்றே கண்டுகொண்டிருந்தார்கள். எங்கள் முறையில் அட்டவணை இல்லை. சூரியன் ராசி மாறாமல் ஒரு நிலா மாதம் கழிந்துபோனால் அது அதிக மாதம், கணக்கில் சேராது. இரண்டு பேரும் வேறு வேறு ஆண்டுகளில் மாதத்தைக் கூட்டுவதால் சில வருடங்களில் பண்டிகைகள் ஒரு முழு நிலாவுக்கு விலகிவிடுகின்றன. 2023இல் யோம் கிப்பூர் செப்டெம்பர் 25, விஜயதசமி ஒக்டோபர் 24. 2018 முதல் 2025 வரையான எட்டு ஆண்டில் நான்கில் ஒன்றாய் வந்தன, நான்கில் ஒரு மாதம் தள்ளி வந்தன. 2026இலும் செப்டெம்பர் 21, ஒக்டோபர் 20 என்று பிரிந்துதான் வரும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது யூத நாட்காட்டி வைத்திருக்கும் மாதத்தின் நீளம். 29 நாள், 12 மணி, அதற்கு மேல் ஒரு மணியின் 1080 பங்கில் 793 பங்கு. நிமிடத்தில் சொன்னால் 44 நிமிடமும் மூன்று விநாடி சொச்சமும். இன்றைய வானியல் அளந்த சராசரியோடு ஒப்பிட்டால் பிழை அரை விநாடிக்கும் குறைவு. தொலைநோக்கி இல்லை, மணிக்கூடு இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கிரகணங்களைக் குறித்து வைத்த மனிதர்களின் பொறுமைதான் அந்த எண்.

இன்னொரு விதியும் உண்டு. யோம் கிப்பூர் வெள்ளிக்கிழமையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஒருபோதும் வராது. வரும் போலிருந்தால் ஆண்டுப் பிறப்பையே ஒரு நாள் தள்ளிவைப்பார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அடுப்பு மூட்ட முடியாது; நோன்பும் அதை ஒட்டி வந்தால் இரண்டு நாள் தொடர்ந்து சமையல் இல்லை, இறந்தவரை அடக்கம் செய்யவும் முடியாது. வெக்கையான நாட்டில் பிணத்தை இரண்டு நாள் வைத்திருப்பதன் கஷ்டம் எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானத்தை அரை விநாடி பிசகாமல் கணக்கிட்டவர்கள், மனிதருக்காக அந்தக் கணக்கை ஒரு நாள் நகர்த்தவும் இடம் வைத்தார்கள்.

நாட்காட்டியே கையில் இல்லாமல் இந்த நாளைக் காத்தவர்களும் இருந்தார்கள், அதுவும் எங்களுக்கு அருகில். மும்பைக்குத் தெற்கே கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் என்ற யூதச் சமூகம் பல நூற்றாண்டு வாழ்ந்தது. கப்பல் உடைந்து நவ்காவ் கரையில் ஒதுங்கிய ஏழு இணையரின் வழிவந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தார்கள். சனிக்கிழமையில் செக்கோட்ட மாட்டார்கள். அதனால் அயலவர் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கார் என்று அழைத்தார்கள். பேசியது மராத்தி. எபிரேய மொழியும் வேத நூலும் கைவிட்டுப் போய், ஓரிரு மன்றாட்டு வரிகள்தான் எஞ்சியிருந்தன. ஆனால் ஆண்டுக்கொரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளை உடுத்து, அயலாரோடு புழங்காமல் நோன்பிருந்தார்கள். அந்த நாளுக்கு மராத்தியில் 'கதவடைப்புத் திருநாள்' என்று பெயர். முன்னோரின் ஆவிகள் அன்று வீட்டுக்கு வந்து, மறுநாள் விடைபெற்றுப் போகும் என்று நம்பினார்கள். அந்தச் சமூகத்தவரான ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய வரலாற்றில் இவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நூல் போய், மொழி போய், நாள் மட்டும் எப்படித் தப்பியது? நிலாவை எண்ணித்தான் தப்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சுற்றிவர இருந்த மராத்தி ஊர்களும் அதே அமாவாசையிலிருந்து தசமி வரை எண்ணிக்கொண்டிருந்தனவே.

சரி, அந்த நாளில் என்னதான் செய்கிறார்கள்? நோன்பு முந்திய நாள் பொழுதுபட முன்னரே தொடங்கி, மறுநாள் இருட்டியபின் வானில் மூன்று நடுத்தர நட்சத்திரங்கள் தெரியும்வரை நீள்கிறது. கிட்டத்தட்ட 25 மணி நேரம். ஆனாலும் இடத்துக்கு இடம் சிறு வித்தியாசம் உண்டு. வன்னி பூமத்தியரேகைக்கு ஒன்பது பாகை வடக்கே இருப்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. மாலை மங்கல் சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்து அரை மணி சொச்சத்தில் மூன்று நட்சத்திரங்களைப் பார்த்துவிடலாம். லண்டனில் சூரியன் சரிவாக இறங்குவதால் அதே இருட்டு வர ஐம்பது நிமிடத்துக்கு மேல் எடுக்கும். இரணைமடுக் கட்டில் நின்று பார்ப்பவருக்கு ஒக்டோபர் தொடக்கத்தில் வடக்கே உயரத்தில் அபிசித்தும், தலைக்கு மேல் திருவோணமும், தென்மேற்கில் சிவந்த கேட்டையும் முதலில் தெரியும்.

அந்த 25 மணி நேரத்தில் பாவ அறிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. நெஞ்சில் கைமுட்டியால் மெல்லத் தட்டியபடி, செய்த குற்றங்களை எபிரேய அகரவரிசையில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். ஔவையார் நல்லதை அகரவரிசையில் வைத்தார். இவர்கள் தவறுகளை அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அரிசியில் எழுத்துத் தொடங்கும் அதே நாளில் அங்கே பெரியவர்கள் எழுத்துமுறையில் தங்கள் பிழைகளை எண்ணுகிறார்கள். அறிக்கை முழுவதும் 'நாங்கள்' என்ற பன்மையில்தான். நான் திருடவில்லை என்று யாரும் ஒதுங்கி நிற்க முடியாது. ஊரில் ஒருவர் செய்தது எல்லோர் வாயிலும் வரும்.

ஆனால் நோன்பால் எல்லாம் கழியாது என்பதில் அவர்களுடைய பழைய சட்டநூலான மிஷ்னா உறுதியாக நிற்கிறது. கடவுளுக்குச் செய்த பிழையை அந்த நாள் போக்கும். சக மனிதருக்குச் செய்த பிழையை, அவரிடமே போய் அவர் மனத்தை ஆற்றும்வரை போக்காது. ஆகவே நோன்புக்கு முந்திய நாட்களில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். 12ஆம் நூற்றாண்டு மருத்துவரும் அறிஞருமான மைமோனிதிஸ் இதை இன்னும் விரித்துச் சொன்னார். மன்னிக்க மறுத்தால் நண்பர் மூவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். திரும்பவும் கேட்க வேண்டும். தீங்கு செய்யப்பட்டவர் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவருடைய புதைகுழிக்குப் போய், அவர்கள் கேட்க, இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த விதியைப் படிக்கும்போது என்னால் கிளிநொச்சியை நினையாமல் இருக்க முடியவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாருக்குப் போய் நிற்கப் புதைகுழியும் இல்லை. பத்துப் பேரை அழைத்துக்கொண்டு வந்து இன்னது செய்தேன் என்று சொன்னவரும் இல்லை. மன்னிப்பைப் பற்றி மேடைகளில் பேசுகிறவர்கள், மைமோனிதிஸ் சொன்ன ஒழுங்கை ஒருமுறை பார்க்கலாம். முதலில் வாய்விட்டுச் சொல்லுதல். மன்னிப்பு அதற்குப் பிறகு வருவது.

இனி உடம்புக்கு வருவோம். நோன்பு தொடங்க முன் உண்ட கடைசிச் சாப்பாடு செரித்துக் குருதியில் சேர நாலைந்து மணி நேரம் ஆகும். எந்த நேரத்திலும் ஒருவருடைய குருதி முழுவதிலும் ஓடும் குளுக்கோசு ஐந்து கிராம் அளவுதான். மூளை மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் கேட்கும். அந்த இடைவெளியை நிரப்புவது ஈரல். வன்னி வளவில் நெல் நிரப்பி வைத்த கொம்பறை போல அது சுமார் 100 கிராம் சீனியைக் கிளைக்கோசன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. தசைகளில் இதைப் போல நாலு மடங்கு இருக்கிறது. ஆனால் தசை தன்னுடையதை வெளியே கொடுக்காது. சேமித்த சீனியைக் குருதிக்குள் விடத் தேவையான நொதியம் ஈரலில் உண்டு, தசையில் இல்லை. ஓடினால் நடந்தால் தசை தன் பங்கைத் தானே எரிக்கும். மூளைக்கு ஒரு துளியும் தராது.

ஆகவே இரவு முழுவதும் ஈரல்தான் தாங்குகிறது. இன்சுலின் குறையும், குளூக்ககன் கூடும். விடியும்போது இருப்பில் கணிசமான பகுதி போயிருக்கும். அதற்குள் உடம்பு வேறு இரண்டு வழிகளைத் திறந்திருக்கும். ஒன்று, புரதத் துண்டுகளிலிருந்தும் கொழுப்பின் கிளிசரோலிலிருந்தும் ஈரல் புதிதாகக் குளுக்கோசு செய்வது. மற்றது, கொழுப்பை உடைத்துக் கீற்றோன்கள் ஆக்குவது. மத்தியானம் கடந்து பின்னேரம் ஆகும்போது குருதியில் கீற்றோன் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். நோன்பாளிகளின் மூச்சில் வரும் ஒருவித இனிப்பு கலந்த வாடை அதனுடையது. நோன்பு மூன்று நாலு நாள் நீண்டால் மூளையே தன் எரிபொருளில் கணிசமான பங்கைக் கீற்றோனிலிருந்து எடுக்கத் தொடங்கும். யோம் கிப்பூர் அந்தக் கட்டத்துக்குப் போகாமல் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் கந்தசட்டி உள்ளே போய்விடுகிறது.

கந்தசட்டி ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் ஆறு நாள் விரதம். வன்னியில் அநேகமாக மாரி பிடிக்கும் காலம். பலர் ஒருநேரம் மட்டும் சாப்பிடுவார்கள். சிலர் பாலும் பழமும். இன்னும் சிலர் மிளகும் தண்ணீருமாக ஆறு நாளையும் கடப்பார்கள். அப்படிப் பிடிப்பவர்களைக் கேட்டால் முதல் இரண்டு நாள்தான் கஷ்டம், பிறகு பசி தெரியாது என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. கீற்றோன் ஏறும்போது பசியுணர்வு மட்டுப்படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோனை 1999இல் யப்பானிய விஞ்ஞானிகள் கொஜிமாவும் கங்காவாவும் இரைப்பையில் கண்டுபிடித்தார்கள். பிறகு முப்பது மணி நேரத்துக்கு மேல் பட்டினி இருந்தவர்களிடம் அதை அளந்தபோது, அது ஏறிக்கொண்டே போகவில்லை. வழமையாகச் சாப்பிடும் நேரங்களில் ஏறியது. சாப்பிடாமல் இருந்தாலும் பிறகு தானாகவே இறங்கியது. மத்தியானப் பசியைத் தாண்டிவிட்டால் மூன்று மணிக்கு அது இல்லாமல் போவதன் காரணம் இதுதான்.

தாகம் இப்படி இறங்காது. இங்கேதான் யோம் கிப்பூர் கந்தசட்டியைவிடக் கடுமையானது. சாப்பாடு இல்லாமல் கிழமைக்கணக்கில் இருக்கலாம், தண்ணீர் இல்லாமல் சில நாள்தான். வெயிலில் அலையாமல் இருந்தாலும் மூச்சாலும் தோலாலும் சிறுநீராலும் ஒரு நாளில் ஒன்று ஒன்றரை லீற்றர் போய்விடும். வன்னி வெக்கையில் வயல் வேலை செய்பவருக்கு அது பல மடங்கு. குருதியின் உப்புச் செறிவு ஒன்றிரண்டு வீதம் கூடினாலே மூளையின் அடித்தளத்தில் உள்ள உணரிகள் கண்டுபிடித்துவிடும். உடனே தாகம் எடுக்கும். கூடவே சிறுநீரைக் குறைக்கச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு ஓர் ஓமோன் போகும். பின்னேரம் சிறுநீர் கடும் மஞ்சளாக, கொஞ்சமாகப் போவது பழுதல்ல. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதன் அடையாளம். யூதர்கள் நோன்புக்கு முந்திய நாள் நன்றாக உண்டு குடிப்பதையும் ஒரு கடமையாகவே கொள்கிறார்கள். உப்புக் கூடிய சாப்பாட்டை அப்போது தவிர்ப்பார்கள். அது நல்ல உடற்றொழிலியல்.

இத்தனை பேர் ஒரே நாளில் ஒரே விதமாகப் பட்டினி இருப்பது மருத்துவ ஆய்வாளருக்கு அரிய வாய்ப்பு. 1995இல் இஸ்ரேலிய நரம்பியலாளர் மோசெக்கும் கொர்ச்சினும் வெளியிட்ட ஆய்வில், யோம் கிப்பூர் நோன்பிருந்தவர்களில் 39 வீதமானவர்களுக்குத் தலையிடி வந்திருந்தது. இருக்காதவர்களில் 7 வீதம். நேரம் போகப் போகத் தலையிடி கூடியது. கோப்பியை நிறுத்தியதால்தான் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் அதன் பங்கு சிறிது என்றே அவர்கள் கண்டார்கள். அதற்கு முன் 1983இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எருசலேமிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நிறைமாதக் கர்ப்பிணிகளிடையே யோம் கிப்பூர் முடிந்த கையோடு பிரசவங்கள் கூடியிருந்தன. நீர் குறைவது கருப்பைச் சுருக்கங்களைத் தூண்டுகிறது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. எங்கள் ஊரில் கர்ப்பிணிகள் விரதம் பிடிக்கவேண்டாம் என்று பெரியவர்கள் தடுப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

'தற்பகுப்பு' பற்றியும் இப்போது நிறையப் பேசுகிறார்கள். பட்டினி கிடக்கும் கலம் தன் பழுதான பகுதிகளைத் தானே உடைத்து மீளப் பயன்படுத்தும் செயல் அது. மதுவத்தைப் பட்டினி போட்டு அதன் பொறிமுறையை விளக்கியதற்காக யோஷினோரி ஒசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் மதுவத்தில் கண்டதை வைத்து, ஒரு நாள் விரதம் மனித உடம்பைக் கழுவிச் சுத்தமாக்கிவிடும் என்று சொல்வது பெரிய பாய்ச்சல். விரதத்துக்கு மருந்துப் பெறுமதி தேடித்தான் அதை மதிக்க வேண்டும் என்றில்லை.

நோன்பின் விதிகளில் என்னை மிகவும் தொட்டது அதை முறிக்கச் சொல்லும் விதி. உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடலாம் என்பது அல்ல, விட்டே ஆகவேண்டும். நோயாளி எனக்கு வேண்டும் என்று கேட்டால், வைத்தியர் தேவையில்லை என்று சொன்னாலும் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு வாசனையில் அவதிப்படும் கர்ப்பிணிக்கு உடனே ஊட்ட வேண்டும். இதற்கு ஓர் அளவுமுறையும் வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய பேரீச்சம்பழ அளவுக்குக் குறைவாகவும், ஒரு கன்னம் நிறையக் கொள்ளும் தண்ணீருக்குக் குறைவாகவும், சில நிமிட இடைவெளி விட்டு விட்டு எடுத்தால் நோன்பை முழுதாய் முறித்ததாகாது. நோயாளிகள் பலர் இன்றும் அப்படி அளந்து அளந்து அந்த நாளைக் கடக்கிறார்கள். 1848இல் வில்னா நகரில் வாந்திபேதி பரவியபோது, ரப்பி இஸ்ரேல் சலாந்தர் நோன்பு நாளில் சனங்களை உண்ணும்படி வற்புறுத்தினார் என்றும், தயங்கியவர்களுக்காகத் தொழுகைக் கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் தானே உண்டு காட்டினார் என்றும் சொல்லப்படுகிறது.

விரதத்துக்கும் பட்டினிக்கும் உள்ள வித்தியாசம் அந்த விதியில்தான் இருக்கிறது. ஈரலுக்கும் கீற்றோனுக்கும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் விரதத்தில் சாப்பாடு அடுப்படியில் இருக்கும். எழுந்து போய் எடுக்கலாம். 2009இல் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பதுங்குகுழிகளில் கிடந்தவர்களுக்கு அது இருக்கவில்லை. அரிசியும் உப்பும் தண்ணீருமாக வரிசையில் நின்று வாங்கிய கஞ்சியைத்தான் இப்போது ஒவ்வொரு மே மாதமும் தெருவோரத்தில் காய்ச்சி ஊற்றுகிறோம்.

யூதர்களும் பட்டினியை அறிந்தவர்கள். 1942இல் நாசிகள் அடைத்துவைத்த வார்சோ கெட்டோவில் சனங்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த யூத மருத்துவர்கள் இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கியின் தலைமையில் பட்டினி நோயை ஆராயத் தொடங்கினார்கள். ஆராய்ந்தவர்களும் பட்டினியில்தான் இருந்தார்கள். இதயம் எப்படிச் சுருங்குகிறது, குருதியோட்டம் எப்படி மந்தமாகிறது, பிள்ளைகளின் வளர்ச்சி எப்படி நிற்கிறது என்று ஒழுங்காக அளந்து எழுதினார்கள். யூலையில் வதைமுகாம்களுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியதும் வேலை நின்றது. கையெழுத்துப் பிரதி கெட்டோவுக்கு வெளியே ஒரு போலந்துப் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டுத் தப்பியது. 1946இல் நூலாக வந்தது. எழுதியவர்களில் பெரும்பாலானோர் அப்போது உயிரோடு இல்லை. பட்டினி மனித உடம்பை என்ன செய்கிறது என்பதைப் பற்றி இன்று மருத்துவம் அறிந்தவற்றில் ஒரு பகுதி அவர்கள் விட்டுப்போனது.

அதே போரின் முடிவில், 1945இல், முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களிடமிருந்து உலகம் இன்னொன்றையும் கற்றது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் அவர் இறந்துபோகலாம். மாச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் பாயும்; குருதியில் உள்ள பொசுபேற்றும் பொற்றாசியமும் மக்னீசியமும் கலங்களுக்குள் இழுக்கப்படும்; இதயத் துடிப்புக் குழம்பும். ஒரு நாள் நோன்பில் இந்த ஆபத்து இல்லை. யோம் கிப்பூரின் முடிவில் கொம்பு ஊதியதும் அவர்கள் சாதாரணமாகவே சாப்பிடுகிறார்கள். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவரை அந்த ஆபத்துள்ளவராகவே மருத்துவம் கணிக்கிறது. மிளகும் தண்ணீருமாகக் கந்தசட்டியை முடிப்பவர் அந்த எல்லையைத் தாண்டியவர். சூரன்போர் முடிந்து மறுநாள் காலைப் பாரணைக்கு, ஆறு நாள் பசியைத் தீர்க்கிறோம் என்று சோறும் பத்துக் கறியும் வடையும் பாயாசமும் குவிப்பது அவருக்கு ஏற்றதல்ல. கொஞ்சம் கஞ்சியோ மோரோ, சில மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம், முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போவது நல்லது. மெலிந்தவர்களும் வயதானவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சீனி வருத்தக்காரர் விரதத்துக்கு முதலே கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சில குளுசைகளும் இன்சுலினும் சாப்பாடு இல்லாமல் எடுத்தால் குருதிச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். தானாக நிறுத்தினாலும் வேறு ஆபத்து. கை நடுங்கி வியர்த்துத் தலை சுற்றினால், அது விரதத்தின் எந்த நாளாயிருந்தாலும், சூரன்போருக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தாலும், உடனே சீனி போட்ட தேத்தண்ணி குடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கொடுக்கத் தயங்கக் கூடாது.